ரத்த அழுத்தமும் இதயமும்: முதலில் சரியாக அளப்போம்

(நீலசந்திராவில் நமது உறுப்பினர்களின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முன்பெல்லாம் நாலு பேர் கூடினால் "சௌக்கியமா?" என்று கேட்போம். இப்போது "பி.பி. எவ்வளவு?" என்று கேட்கிறோம். கல்யாணத்தில் பந்திக்குக் காத்திருக்கும்போதும், கோவில் பிராகாரத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் இதே பேச்சுதான். ஒருவர் 140 என்பார், இன்னொருவர் "எனக்கு 120-தான்" என்று பெருமையாகச் சொல்வார். அந்த எண் எப்படி வந்தது, எதை வைத்து அளந்தார்கள், எந்த நிலையில் அளந்தார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நான் டாக்டர் இல்லை. பௌதிகத்தில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு, எடை அளவுத் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். மளிகைக் கடைத் தராசையும், மண்ணெண்ணெய் அளக்கும் குவளையையும், பெட்ரோல் பங்க் மீட்டரையும் சோதித்து முத்திரை வைப்பதுதான் என் தொழிலாக இருந்தது. ஆகவே எந்த மாத்திரை நல்லது என்று நான் சொல்லமாட்டேன். அது டாக்டரின் வேலை. ஆனால் அளவு சரியா தப்பா என்று பார்ப்பது எனக்குப் பழக்கமான வேலை. அளவு தப்பாக இருந்தால், அதை நம்பிக் கொடுக்கப்படும் மாத்திரையும் தப்பாகிவிடும் அல்லவா?

இரண்டு எண்கள் எங்கிருந்து வந்தன?

இதயம் ஒரு பம்பு. ஓய்வாக இருக்கும்போது ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லிலிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. நிமிஷத்துக்கு 70 துடிப்பு என்றால் கிட்டத்தட்ட 5 லிட்டர். ஒரு நாளைக்கு ஒரு லட்சம் துடிப்பு, 7000 லிட்டர். 2024 கோடையில் நம் ஊரில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தபோது, 6000 லிட்டர் லாரி ஒன்று தெருவுக்கு வருமா என்று எல்லோரும் தவம் கிடந்தோம். அதைவிட அதிகமான அளவை நம் கைப்பிடி அளவே உள்ள ஒரு தசை தினமும் இறைத்துக் கொண்டிருக்கிறது.

இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது குழாயில் ஏறும் உச்ச அழுத்தம் மேல் எண். அது விரிந்து நிரம்பும்போது குழாயில் மிச்சமிருக்கும் அழுத்தம் கீழ் எண். 120/80 என்றால், முதலாவது 120 மில்லிமீட்டர் உயரப் பாதரசத்தைத் தாங்கும் அழுத்தம், இரண்டாவது 80 மில்லிமீட்டர்.

பாதரசம் ஏன் என்று ஒரு பேரன் கேட்டான். நல்ல கேள்வி. முதன்முதலில் ரத்த அழுத்தத்தை அளந்தவர் இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார். ஒரு குதிரையின் தமனியில் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். ரத்தம் 8 அடி 3 அங்குலம் ஏறியது. 1733-ல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். மனிதனுக்கும் ரத்தத்தையே வைத்து அளந்தால் 120 என்பது சுமார் 5 அடி உயரம் வரும். கிளினிக்கில் அவ்வளவு உயரக் குழாயை வைக்க முடியாது. பாதரசம் தண்ணீரைப் போல் 13.6 மடங்கு கனம். அதனால் 5 அடி ஏறுவது அரை சாணுக்குக் கொஞ்சம் மேலே அடங்கிவிடுகிறது.

தமனியில் குழாய் செருகாமல் அளக்கும் வழியை 1896-ல் இத்தாலியில் ரிவா-ரோச்சி கண்டுபிடித்தார். கையைச் சுற்றி ரப்பர் பை கட்டி, காற்றடித்து, நாடி எப்போது மறைகிறது என்று பார்த்தார். இதில் மேல் எண் மட்டுமே கிடைத்தது. 1905-ல் ரஷ்யாவில் கொரோட்காஃப் என்ற இளம் அறுவை சிகிச்சை நிபுணர், கட்டுக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்கலாம் என்றார். காற்றை மெதுவாக இறக்கும்போது முதல் 'டக்' என்ற சப்தம் கேட்கும் இடம் மேல் எண், சப்தம் மறையும் இடம் கீழ் எண். நூற்று இருபது வருஷமாக உலகம் முழுவதும் டாக்டர்கள் செய்வது இதைத்தான்.

நம் வீட்டில் இருக்கும் பட்டன் மெஷின் வேறு விதம். அது சப்தத்தைக் கேட்பதில்லை. கட்டுக்குள் இருக்கும் காற்றில் நாடி ஏற்படுத்தும் சிறு அதிர்வுகளைப் பார்க்கிறது. அதிர்வு எங்கே அதிகமோ அங்கே சராசரி அழுத்தம் என்று வைத்துக்கொண்டு, மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் கணக்குப் போட்டுச் சொல்கிறது. அந்தக் கணக்கு ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு மாதிரி. நாடி ஒழுங்கில்லாமல் துடிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தடுமாறும். அவர்கள் ஒரே ஒரு தடவை அளந்ததை நம்பக்கூடாது.

பிழை மூன்று வகை

எங்கள் துறையில் ஒரு பாடம் சொல்லித் தருவார்கள். அளவில் பிழை வந்தால் மூன்று இடத்தில் தேடு: கருவியில், அளக்கும் முறையில், அளக்கும் ஆளிடத்தில். பி.பி.க்கும் இது அப்படியே பொருந்தும்.

முதலாவது, கருவி. ரத்த அழுத்தமானியும் சட்ட அளவையியலின் கீழ் வரும் கருவி என்பது பலருக்குத் தெரியாது. அரசு அங்கீகரித்த சோதனை மையங்கள் எந்தெந்தக் கருவிகளைச் சரிபார்க்கலாம் என்று 2013-ல் மத்திய அரசு விதிகள் வெளியிட்டது. அந்தப் பட்டியலில் தண்ணீர் மீட்டர், காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இவற்றோடு ரத்த அழுத்தமானியும் இருக்கிறது. கத்தரிக்காய் நிறுக்கும் தராசில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கும் நாம், வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிட வைக்கும் கருவியை யாரும் சரிபார்த்தார்களா என்று கேட்பதே இல்லை.

பழைய பாதரசக் கருவி நம்பகமானது. ஆனால் பாதரசம் விஷம். 2013-ல் உருவான மினமாட்டா உடன்படிக்கையில் பாதரச ரத்த அழுத்தமானிகளின் உற்பத்தியைப் படிப்படியாக நிறுத்த வேண்டும் என்று இருக்கிறது. இந்தியா அதை 2018-ல் ஏற்று உறுதி செய்தது. ஆகவே எதிர்காலம் டிஜிட்டலும் முள் வைத்த டயல் கருவியும்தான். டயல் கருவி ஒரு தடவை மேஜையிலிருந்து விழுந்தாலே போதும், உள்ளே ஸ்பிரிங் தளர்ந்து அளவு மாறிவிடும். காற்று இல்லாதபோது முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் அதில் அளக்கவே வேண்டாம்.

கருவியில் இன்னொரு பாகம் கையில் சுற்றும் பட்டை. ரிவா-ரோச்சியின் பட்டை ஒடுக்கமாக இருந்ததால் அளவு அதிகமாகக் காட்டியது. 1901-ல் ஃபான் ரெக்லிங்ஹாசன் என்ற ஜெர்மானியர் அதை அகலமாக்கித் திருத்தினார். அந்தப் பிழை இன்றும் நம்மிடையே இருக்கிறது. 2023-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் ஒரு பரிசோதனை செய்தார்கள். மிகப் பெரிய பட்டை தேவைப்படும் பருமனான கைக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டினால், மேல் எண் சராசரியாக 19.5 அதிகமாகக் காட்டியது. மெலிந்த கைக்கு அதே பட்டை கிட்டத்தட்ட 4 குறைவாகக் காட்டியது. வீட்டில் மாமாவுக்கும் மாமிக்கும் ஒரே பட்டைதான் என்றால், இருவரில் ஒருவருக்காவது அளவு தப்பாக இருக்க வாய்ப்பு உண்டு. மெஷின் வாங்கும்போது கையின் சுற்றளவை டேப்பால் அளந்துகொண்டு போங்கள். எத்தனை சென்டிமீட்டர் கைக்கு என்று பட்டையிலேயே அச்சிட்டிருக்கும்.

இரண்டாவது, முறை. இங்கே கொஞ்சம் பௌதிகம் சொல்கிறேன், பொறுத்துக் கொள்ளுங்கள். ரத்தத்தின் அடர்த்தி 1.06, பாதரசத்தின் அடர்த்தி 13.6. ஆகவே ஒரு சென்டிமீட்டர் உயர ரத்தம் ஏறக்குறைய 0.78 மில்லிமீட்டர் பாதரசத்துக்குச் சமம். பட்டை கட்டிய இடம் இதய மட்டத்திலிருந்து 8 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால், நோய் எதுவும் இல்லாமலே 6 மில்லிமீட்டர் கூடிவிடும். மேல்மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கீழ்த்தளக் குழாயில் வேகமாக வருகிறதே, அதே தத்துவம். 2024-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழுவினர் இதையும் அளந்து பார்த்தார்கள். கையை மேஜைமேல் வைத்து அளந்ததைவிட, மடியில் வைத்தபோது மேல் எண் 3.9 அதிகம். பக்கத்தில் தொங்கவிட்டபோது 6.5 அதிகம். ஏட்டுக் கணக்கும் ஆய்வும் எவ்வளவு அருகில் வருகின்றன பாருங்கள்! மணிக்கட்டில் கட்டும் மெஷினை நான் சிபாரிசு செய்யாததற்கும் இதுதான் காரணம். மணிக்கட்டு எந்த உயரத்தில் இருக்கிறதோ அதற்கேற்ப எண் மாறும்.

இதைத் தவிர முதுகுக்குச் சாய்மானம் இல்லாமல் உட்கார்வது, கால்மேல் கால் போடுவது, மூத்திரத்தை அடக்கிக்கொண்டு உட்கார்வது, அளக்கும்போது பேசுவது எல்லாமே எண்ணை ஏற்றும். பேசுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல இடங்களில் பட்டையைக் கட்டிவிட்டு, "சர்க்கரை இருக்கா? என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று கேட்டுக் கொண்டே காற்றடிக்கிறார்கள். நாமும் பதில் சொல்கிறோம். பேச்சினால் மட்டுமே 10 மில்லிமீட்டர் வரை ஏறலாம்.

மூன்றாவது, ஆள். சிலருக்கு வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே அழுத்தம் ஏறும். வீட்டில் சரியாக இருக்கும். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இதற்கு நேர்மாறாகவும் உண்டு. கிளினிக்கில் 128 காட்டும், வீட்டில் 150 இருக்கும். இந்த இரண்டாவது ரகம்தான் அதிக ஆபத்தானது, ஏனென்றால் அது மறைந்திருக்கிறது. அளப்பவரிடமும் பிழை உண்டு. பாதரசக் கருவியில் கோடுகள் இரண்டு இரண்டு மில்லிமீட்டராக இருக்கும். நியாயப்படி கடைசி இலக்கம் 0, 2, 4, 6, 8 என்று சமமாக வர வேண்டும். உங்கள் பழைய மருத்துவச் சீட்டுகளை எடுத்துப் பாருங்கள். 130/80, 140/90, 150/90 என்று எல்லாமே பூஜ்யத்தில் முடிந்திருந்தால் யாரோ குத்துமதிப்பாக எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். கடைக்காரரின் எடைக் கணக்கில் எல்லாமே முழு கிலோவாக இருந்தால் நாங்கள் சந்தேகப்படுவோம். அதே சந்தேகம்தான் இங்கேயும்.

எங்கள் வீட்டில் நடந்தது

இதெல்லாம் ரொம்ப நுணுக்கம், 10 மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைக்கலாம். என் சகதர்மிணிக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அவளுக்குப் பல வருஷமாக ஒரு மாத்திரையில் பி.பி. கட்டுக்குள் இருந்தது. ஒரு நாள் வேறு விஷயமாக ஒரு கிளினிக்குக்குப் போனாள். ஓசூர் ரோடு டிராஃபிக்கில் ஆட்டோவில் முக்கால் மணி நேரம். கிளினிக் இரண்டாவது மாடியில், லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூச்சு வாங்க ஏறிப் போனவளை முதுகில்லாத ஸ்டூலில் உட்கார வைத்து, ரவிக்கைக் கைக்கு மேலேயே பட்டையைக் கட்டி, கேள்வி கேட்டுக்கொண்டே அளந்தார்கள். 172/94. இரண்டாவது தடவை அளக்கவில்லை. பழைய மாத்திரையின் அளவை இரட்டிப்பாக்கி, புதிதாக ஒன்றையும் சேர்த்தார்கள். பன்னிரண்டாவது நாள் விடியற்காலை, வாசல் தெளிக்கப் படுக்கையிலிருந்து எழுந்தவள் தலை சுற்றி விழுந்தாள். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. தலையில் அடிபடாதது பகவான் செயல்.

கட்டுப்போட்ட ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா பொறுமைசாலி. அவளைப் படுக்க வைத்து ஒரு தடவையும், நிற்க வைத்து ஒரு தடவையும் அளந்தார். நின்றதும் மேல் எண் 28 இறங்கியது. மாத்திரையைக் குறைத்து, ஏழு நாள் வீட்டில் அளந்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார். காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. முதல் நாளைத் தள்ளிவிட்டு மீதி 24 அளவுகளின் சராசரி எடுத்தேன். 131/74. பழைய ஒரு மாத்திரையே போதும் என்று அவர் முடிவு செய்தார். நாங்களாக எதையும் நிறுத்தவில்லை, கூட்டவில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் 24 எண்களும் அந்த முடிவுக்கு வழி செய்தன.

இங்கே ஒரு முக்கியமான குறிப்பு. எழுந்து நின்ற மூன்று நிமிஷத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், அது கவனிக்க வேண்டிய விஷயம். நம் வயதுக்காரர்களுக்கு இது சகஜம். சந்தியாவந்தனம் முடித்துத் தரையிலிருந்து சடக்கென்று எழுவது, நமஸ்காரம் பண்ணிவிட்டு உடனே நிமிர்வது, ராத்திரி இரண்டு மணிக்குப் பாத்ரூமுக்கு எழுவது, இந்த நேரங்களில்தான் விழுகிறோம். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது, "நின்றபடியும் ஒரு தடவை பாருங்கோ" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

அதற்காக அலட்சியம் கூடாது

என் பேச்சைக் கேட்டுவிட்டு, "அளவெல்லாம் தப்பு, மாத்திரையே வேண்டாம்" என்று யாரும் வீட்டுக்குப் போய்விடக் கூடாது. அது இதைவிடப் பெரிய ஆபத்து.

அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டை 1944 மார்ச்சில் இதய நிபுணர் பரிசோதித்தபோது அழுத்தம் 186/108. நல்ல மருந்து அப்போது இல்லை. 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டுக் காலமானார். அன்று அவருடைய மேல் எண் 300. உலகத்திலேயே பெரிய பதவியில் இருந்தவருக்கு அன்று கிடைக்காத மருந்து, இன்று நமக்குத் தெருமுனை மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. "வயசு கூட நூறு சேர்த்துக்கோ, அதுதான் நார்மல்" என்று பழைய காலத்தில் சொல்வார்கள். அது தவறு என்பது நிரூபணமாகிவிட்டது. 2008-ல் வெளியான ஒரு சர்வதேச ஆய்வில், 80 வயதைத் தாண்டியவர்களுக்கு மருந்து கொடுத்தபோதும் பக்கவாதமும் மரணமும் குறைந்தன.

சென்னை டாக்டர் மோகன், டாக்டர் அஞ்சனா குழுவினர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுடன் சேர்ந்து தேசம் முழுவதும் நடத்திய கணக்கெடுப்பு 2023-ல் வெளிவந்தது. வயது வந்தவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு ரத்தக் கொதிப்பு. மூன்றில் ஒருவர். இந்த ஹாலில் நம் வயதை வைத்துப் பார்த்தால் அதற்கும் அதிகமாகவே இருக்கும்.

நம்மில் பலர் சொந்த ஊருக்குப் போகும் வழியில் ஓசூர் வழியாகக் கிருஷ்ணகிரி மாவட்டத்தைக் கடக்கிறோம். அந்த மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில் 2021 ஆகஸ்ட் 5 அன்று, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. பயிற்சி பெற்ற பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் பி.பி.யும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரையையும் வீட்டிலேயே கொடுத்தார்கள். 2024-ல் ஐ.நா. அமைப்பின் விருதும் அதற்குக் கிடைத்தது. எனக்கு இதில் பிடித்த விஷயம், அளவு எடுக்கப்பட்ட இடம். மாடி ஏறாமல், வரிசையில் நிற்காமல், தன் வீட்டில் உட்கார்ந்திருக்கும் மனிதரின் அழுத்தம் அது.

இதயம் எத்தனை மார்க் வாங்கியது?

பி.பி.க்கு அடுத்தபடி நம்மைக் கலங்க வைப்பது இதயப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள். மூன்றைப் பற்றி மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஈ.சி.ஜி. என்பது இதயத்தின் மின்சாரத்தைப் பதிவு செய்வது. ஹாலந்தில் ஐந்தோவன் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த முதல் கருவி ஏறக்குறைய 270 கிலோ எடை. நோயாளி கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீரில் முக்கிக்கொண்டு உட்கார வேண்டும். 1924-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் தேசத்தில் ஈ.சி.ஜி. மெஷின் செய்தவர்களில் முன்னோடி, 1963-ல் பாலக்காட்டில் டி.பி.ஜி. நம்பியார் தொடங்கிய பி.பி.எல். கம்பெனி. பிற்பாடு அவர்கள் டி.வி. மூலம் நமக்குப் பரிச்சயமானார்கள். ஈ.சி.ஜி. துடிப்பின் ஒழுங்கையும், மாரடைப்பின் அடையாளத்தையும் காட்டும். ஆனால் அது அந்தச் சில விநாடிகளின் படம் மட்டுமே. ஓய்வில் எடுத்த ஈ.சி.ஜி. நன்றாக இருந்தால் ரத்தக் குழாயில் அடைப்பே இல்லை என்று அர்த்தமில்லை. மாடி ஏறும்போது மார்பில் இறுக்கம் வருகிறவர், "போன மாசம் ஈ.சி.ஜி. நார்மல்" என்று வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

டிரெட்மில் பரிசோதனை, இதயத்துக்கு வேலை கொடுத்துவிட்டு அதே மின்சாரத்தைப் பார்ப்பது. லாரியைக் காலியாக ஓட்டிப் பார்ப்பதற்கும் பாரம் ஏற்றி ஓட்டிப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். மூட்டுவலிக்காரர்களுக்கு டாக்டர் வேறு வழி சொல்வார்.

எக்கோ என்பது ஒலி அலையால் இதயத்தைப் பார்ப்பது. 1953-ல் ஸ்வீடனில் எட்லர் என்ற டாக்டரும் ஹெர்ட்ஸ் என்ற பௌதிக விஞ்ஞானியும், கப்பல் கட்டும் தளத்தில் இரும்பில் விரிசல் தேட வைத்திருந்த கருவியை எடுத்து இதயத்தின்மேல் வைத்துப் பார்த்ததில் தொடங்கியது இந்தக் கலை. இப்போது எக்கோ ரிப்போர்ட்டில் இ.எஃப். என்று ஒரு சதவீதம் இருக்கும். சமீபத்தில் நம் உறுப்பினர் ஒருவர் எனக்குப் போன் பண்ணி, "இதயம் 60 சதவீதம்தான் வேலை செய்யறதாம், மீதி 40 போயிடுத்து" என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். பாவம், ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. அது பரீட்சை மார்க் இல்லை. நிரம்பிய இதய அறையில் 120 மில்லிலிட்டர் ரத்தம் இருந்து, ஒரு துடிப்பில் 70 வெளியே போனால் 58 சதவீதம். யாருடைய இதயமும் நூறு சதவீதத்தையும் காலி செய்வதில்லை. 55 முதல் 70 வரை நல்ல அளவு. 40-ம் அதற்குக் கீழும் பலவீனத்தைக் காட்டும்.

இதிலும் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, அளப்பவர் மாறினாலே 5 சதவீதம் முன்னே பின்னே வரும். போன வருஷம் 60, இந்த வருஷம் 56 என்று பயப்பட வேண்டாம். இரண்டு, இந்த எண் நன்றாக இருந்தும் சிலருக்கு இதயச் செயலிழப்பு உண்டு. இதயம் நன்றாகச் சுருங்குகிறது, ஆனால் விறைத்துப்போனதால் சரியாக விரிந்து நிரம்புவதில்லை. பல வருஷம் கவனிக்காமல் விட்ட ரத்தக் கொதிப்பு இதற்கு ஒரு முக்கியக் காரணம். கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, நல்ல எண்ணை வைத்துக்கொண்டு சமாதானம் அடையக் கூடாது. நம் ஊரில் ஜெயதேவா போன்ற அரசாங்க இதய மருத்துவமனை இருப்பது நம் பாக்கியம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

கடைசியாக, குறித்துக் கொள்ள வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

1. அளப்பதற்கு அரை மணி முன்னால் காபி, புகை, உடற்பயிற்சி கூடாது. ஃபில்டர் காபியை அளந்த பிறகு சாப்பிடலாம், ஓடிப் போகாது.

2. பாத்ரூம் போய்விட்டு வந்து, முதுகு சாய்த்து, பாதங்கள் தரையில் பட, 5 நிமிஷம் சும்மா உட்காருங்கள். டி.வி. சீரியலும் அரசியல் விவாதமும் அப்போது வேண்டாம்.

3. வெறும் கையில் பட்டை. கை மேஜைமேல், பட்டை இதய மட்டத்தில். பேச்சு கூடாது.

4. ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை அளந்து இரண்டையும் எழுதுங்கள். பிடித்த எண்ணை மட்டும் எழுதுவது கள்ளக் கணக்கு.

5. டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முன் ஏழு நாள் காலையும் மாலையும் அளந்து, முதல் நாளை விட்டுச் சராசரி எடுங்கள். கிளினிக்கின் 140/90-க்கு வீட்டில் சமமானது 135/85. உங்களுக்கு எந்த இலக்கு என்பதை டாக்டர் சொல்வார்.

6. முதல் தடவை இரண்டு கையிலும் பாருங்கள். எந்தக் கையில் அதிகமோ, பிறகு எப்போதும் அந்தக் கை. வித்தியாசம் 10-க்கு மேல் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

7. சும்மா இருக்கும்போதெல்லாம் அளக்காதீர்கள். ஒரு நாளைக்குப் பத்து தடவை அளப்பவருக்கு அளப்பதே வியாதி ஆகிவிடும். ஆனால் 180/120-க்கு மேல் திரும்பத் திரும்பக் காட்டி, கூடவே மார்வலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், கை கால் மரத்தல் இவற்றில் ஏதாவது இருந்தால், நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது எல்லோரும் அவரவர் மெஷினைக் கொண்டு வாருங்கள். நமக்குத் தெரிந்த ஒரு டாக்டர், சரிபார்த்த கருவியுடன் வரச் சம்மதித்திருக்கிறார். ஒவ்வொன்றையும் ஒப்பிட்டு, எத்தனை வித்தியாசம் என்று ஒரு சீட்டில் எழுதி மெஷின்மேல் ஒட்டித் தருகிறேன். சர்க்கார் முத்திரை இல்லை, பழைய முத்திரைக்காரனின் சீட்டு அவ்வளவுதான். ரொம்பத் தள்ளிப்போகும் மெஷினை மாற்றிவிடலாம். மற்ற ஊர்களில் இதைப் படிக்கும் உறுப்பினர்கள், உங்கள் டாக்டரிடம் அடுத்த தடவை போகும்போது மெஷினையும் கையோடு எடுத்துப் போய் அவருடைய கருவியோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தனியாக இருக்கும் மூத்தவர்களின் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள், வாரம் ஒரு தடவை போய்ப் பட்டையைச் சரியாகக் கட்டி அளந்து எழுதிக் கொடுத்தால், அதைவிட நல்ல சேவை வேறில்லை.